வீட்டுக் கடன் தரகர்களிடம் கவனிக்க வேண்டியவை

கிருஷ்ணகிரி ஜில்லாவில் ஹோசூரைச் சூழ்ந்த கிராமங்கள் ஸிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்ட பின்னர் பெரிதும் மாறுதலடைந்திருக்கின்றன. ராகி விளைந்த புன்செய்கள் பல இன்று வீட்டுமனைகளாய் விட்டன. ஆலைகளில் வேலை செய்வோரும், அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து தினந்தோறும் பெங்களூருக்குச் சென்று திரும்புவோரும் வாடகையினின்றும் விடுபட்டுச் சொந்த வீடு வாங்க விரும்புவது இயல்பே. இவர்களிற் பலர் தேன்கனிக்கோட்டை, சூளகிரி முதலிய பக்கங்களில் பூர்வீக நிலமுள்ள குடும்பத்தினர். முன்பணத்துக்கு அந்நிலத்தையே நம்பியிருப்பவர்கள். ஆதலால் வீட்டுக் கடனில் நேரும் மோசம் ஹோசூர் வீட்டோடு நில்லாமல், கிராமத்து நிலத்தையும் பற்றிக்கொள்கிறது.

கடன் தரகர் என்பவர் யாருடைய ஆள் என்பதை முதலில் தெளிந்துகொள்ளல் வேண்டும். பாங்கிக்கோ, வீட்டுக் கடன் கம்பெனிக்கோ மனுதாரரைக் கொண்டுவந்து சேர்ப்பதே அவர் தொழில். கடன் பட்டுவாடாவானவுடன் தொகைக்குத் தக்கபடி அவருக்குத் தரகு கிடைக்கிறது. கடன் பெரிதானால் தரகும் பெரிது. கடன் நிறைவேறாவிடில் தரகு இல்லை. நாணயமான தரகர்கள் இல்லாமலில்லை. அலைச்சலைக் குறைத்து உதவி செய்வோரும் உண்டு. எனினும், "இந்தக் கடன் வேண்டாம், இவ்வளவு வேண்டாம்" என்று சொல்வதால் அவருக்கு நஷ்டமேயாதலின், அந்த யோசனையை அவரிடம் எதிர்பார்ப்பது வீண்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். 20 லட்ச ரூபாயை 20 வருஷத் தவணைக்கு 9 சதவிகித வட்டியில் வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய ரூ. 17,995. அதுவே 10 சதவிகிதமானால் ரூ. 19,300. மாதம் ஆயிரத்து முந்நூறு என்றால் சிறிதாகத் தோன்றும்; தவணை முடிவில் மூன்று லட்ச ரூபாய்க்கு மேல் அதிகமாகச் செலுத்தியிருக்க நேரும். தரகர் காட்டிய ஒரே இடத்தில் கையெழுத்திடாமல், இரண்டு மூன்று பாங்கிகளுக்கு நேரே சென்று விசாரிப்பதற்கு ஒரு நாள் சம்பளம் போனாலும் போகட்டும்.

"கையில் பணமே வேண்டாம், முழுத் தொகையையும் கடனாகவே வாங்கித் தருகிறேன்" என்னும் வாக்குறுதியும் இப்பக்கத்தில் கேட்கக்கூடியதே. ரிஸர்வ் பாங்கின் விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் சொத்து மதிப்பில் 90 சதவிகிதத்துக்கு மேல் கொடுக்கலாகாது. 25 லட்சத்துக்குப் பேசிய வீட்டை 30 லட்சம் என்று ஒப்பந்தத்தில் எழுதினால் 27 லட்சம் கிடைக்கும் என்பதே தந்திரம். கிரயப் பத்திரத்திலும் அத்தொகையையே காட்டும்போது முத்திரைத் தீர்வை 7 சதவிகிதமும் பதிவுக் கட்டணம் 2 சதவிகிதமும் சேர்ந்து ரூ. 45,000 கூடுதலாகும். அன்றியும், பொய் விலையின் கீழ் இருப்பது வாங்குவோரின் கையெழுத்து. தரகரின் பெயர் அதில் எங்கும் இராது.

இவை எல்லாவற்றிலும் கொடியது முன்பணத்துக்காகக் கிராமத்து நிலத்தை எழுதிக்கொடுக்கும் முறை. தரகர் அழைத்துவரும் தனிக் கடன்காரர், "அடமானப் பத்திரம் எதற்கு? கிரயமாகவே எழுதிக் கொடும், பணம் தீர்ந்ததும் திருப்பி எழுதித் தருகிறேன்" என்பார். வேண்டுமானால் தனியாக ஒரு காகிதத்தில் அந்த வாக்கை எழுதியும் கொடுப்பார். அக்காகிதத்தை நம்பி ஏமாந்து போகலாகாது. 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தில் 1929-ல் சேர்த்த திருத்தத்தின்படி, திருப்பிக் கொடுக்கும் நிபந்தனை அதே கிரயப் பத்திரத்திலேயே அடங்கியிருந்தாலன்றி அது அடமானமாகக் கருதப்படமாட்டாது. அடமானமாயிருந்தால் பணத்தைச் செலுத்தி நிலத்தை மீட்கும் உரிமையைச் சட்டமே காக்கிறது. சுத்தக் கிரயமாகி விட்டாலோ வாய்ச்சொல்லைக் கொண்டு அதை மாற்றுவது மிகவும் பிரயாசை. வழக்கு நடக்கும் வருஷங்களில் நிலம் வேறொருவர் அநுபவத்தில் இருக்கும். கடனுக்கு ஈடு கொடுப்பதானால் அடமானம் என்றே எழுதி ரிஜிஸ்தர் செய்ய வேண்டும். அதற்கு இசையாத கடன்காரர் நிலத்தின்மேல் கண் வைத்தவர் என்றே கொள்ளலாம்.

கன்னடமும் தெலுங்கும் வீட்டு மொழியாயுள்ளோர் நிறைந்த இந்த எல்லைப் பிரதேசத்தில், பத்திரத்தைத் தரகர் படித்துச் சொல்ல, மற்றவர் தலையசைத்துக் கையெழுத்திடுவது சகஜம். இதற்கு ஒரு பரிகாரம் ஏற்பட்டிருக்கிறது. ரிஸர்வ் பாங்கு 2024 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவின்படி, கடன் கொடுப்போர் முக்கிய விவர அறிக்கை ஒன்றை, கடன் வாங்குவோர் அறிந்த மொழியில் கொடுத்து விளக்கவும் வேண்டும். எல்லாச் செலவுகளும் சேர்ந்த உண்மையான வருஷ வட்டி விகிதம் அதில் காணப்படும். அதில் சொல்லாத கட்டணத்தைக் கடன் வாங்குவோரின் தெளிவான சம்மதமின்றிப் பிற்பாடு வசூலிக்கக் கூடாது. யோசிப்பதற்குக் குறைந்தது மூன்று வேலை நாட்கள் உண்டு. "இன்றே கையெழுத்திடாவிட்டால் போய்விடும்" என்று அவசரப்படுத்தும் தரகருக்கு இதுவே போதிய பதில். ஹோசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் பிரதம மந்திரியாயிருந்தபோது 1938-ல் நிறைவேறிய விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், கடனில் மூழ்கியவர்களைப் பின்னர் கைதூக்கிவிட்டது. இவ்வறிக்கையோ கையெழுத்துக்கு முன்பே கைக்கு வருவது.

வெற்றுக் காகிதத்திலும், நிரப்பாத செக்கிலும் கையெழுத்திடலாகாது. கட்டணத்தைப் பாங்கியின் கணக்கில் மட்டுமே கட்டி ரசீது பெறவேண்டும். தரகரின் சொந்தக் கணக்கில் அன்று. வில்லங்க ஸர்ட்டிபிகேட்டைத் தரகர் கொடுப்பதை நம்பாமல் தாமே எடுக்க வேண்டும். ஒரே சொத்தின்மேல் முன்பே கடன் உள்ளதா என்பதை 2011 முதல் நடந்துவரும் மத்திய ஸர்க்காரின் அடமானப் பதிவேடான ஸெர்ஸாயில் சிறு கட்டணத்துக்குத் தேடிப் பார்க்கலாம்.

தரகர் தவறு செய்தால், "அவர் எங்கள் உத்தியோகஸ்தர் அல்லர்" என்று அவரை நியமித்த பாங்கி தப்பித்துக்கொள்ள முடியாது. தன் ஏஜெண்டின் செயலுக்கு அது பொறுப்பு. முதலில் பாங்கிக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து நகலை வைத்துக்கொள்ள வேண்டும். 30 நாட்களில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலும் ரிஸர்வ் பாங்கின் ஓம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம். நிரப்பாத காகிதத்தை நிரப்பிக்கொண்டது, பணத்தை வாங்கி மறைந்தது போன்ற குற்றங்களுக்குப் போலீஸாரிடமே செல்ல வேண்டும்.

கடன் முழுதும் தீர்ந்த பின்னர் அசல் பத்திரங்களை 30 நாட்களுக்குள் திருப்பித் தரவேண்டும் என்றும், பாங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ. 5,000 ஈடு கொடுக்க வேண்டும் என்றும் 2023 டிஸம்பர் முதல் விதியிருக்கிறது. பத்திரத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லி அதற்கும் தரகு கேட்பவரிடம் ஒரு காசும் கொடுக்க வேண்டுவதில்லை.