நிவாரணம் நிற்கும் முன்: இளைஞர் குழுக்களுக்கான சிறு மானியம்

ஊர் திரும்பிய குடும்பங்களுக்குக் கிடைக்கும் உலர் உணவு நிவாரணத்தில் அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி இருக்கும். இவை பசியைப் போக்கும். ஆனால் இலைக்கறி, முட்டை, மீன், பழம் எதுவும் அந்தப் பையில் வருவதில்லை. கர்ப்பிணித் தாய்மாருக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் குறைவது இவைதான். நிவாரணமும் குறிப்பிட்ட மாதங்களுக்கு மட்டுமே தரப்படும். அது நிற்கிற நாளில் உங்கள் வளவில் சமைக்கக்கூடியதாக என்ன இருக்கும் என்பதை இப்போதே யோசிக்க வேண்டும்.

இதற்கு உங்கள் வீட்டு இளைஞர்களால் நிறையச் செய்ய முடியும். அவர்களுக்கென்று சில தொண்டு நிறுவனங்கள் சிறு மானியங்களை வழங்குகின்றன.

மானியம் என்பது கடன் அல்ல. திருப்பிக் கட்டத் தேவையில்லை, வட்டியும் இல்லை. அதே நேரம், அது தனி ஒருவரின் கைக்கு வரும் காசும் அல்ல. குழுவின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு, பெரும்பாலும் இரண்டு தவணைகளாக வரும். முதல் தவணைக்குக் கணக்குக் காட்டிய பிறகுதான் அடுத்தது கிடைக்கும். ஏற்கெனவே உள்ள இளைஞர் கழகம், விளையாட்டுக் கழகம் எதுவும் விண்ணப்பிக்கலாம். கழகம் சிதறிப் போயிருந்தால் புதிதாக ஒரு குழு அமைத்துக் கிராம அலுவலரிடம் உறுதிக் கடிதம் பெறுங்கள். வயதெல்லையும் தொகையும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். அவற்றை முதலிலேயே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

என்ன செய்யலாம்? பலரும் உடனே கேட்பது நீர் இறைக்கும் இயந்திரம். அது தேவைதான், ஆனால் மண்ணெண்ணெய்க்கு யார் காசு போடுவது, பழுதானால் யார் திருத்துவது என்று முடிவு செய்யாமல் வாங்கினால் ஒரு போகத்தோடு மூலையில் கிடக்கும். கோழிக்குஞ்சும் அப்படித்தான். கூடு கட்டி, கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் தடுப்பு மருந்துக்கு ஒழுங்கு செய்த பிறகே குஞ்சு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கிழமையில் அத்தனையும் செத்துவிடலாம்.

எங்களைக் கேட்டால், முதலில் விதையைப் பற்றி யோசியுங்கள் என்போம். முன்பு ஒவ்வொரு வீட்டிலும் பயறு, கௌபி, உழுந்து, குரக்கன், எள்ளு என்று சாம்பல் கலந்து, வேப்பிலை போட்டுப் பானையில் விதை வைத்திருந்தீர்கள். இடம்பெயர்ந்தபோது அந்தப் பானைகளும் போய்விட்டன. கடையில் வாங்கும் கலப்பின விதையிலிருந்து விதை எடுத்து மறுபடி போட்டால் முந்தைய விளைச்சல் வராது. ஆகவே ஒரு குழு உள்ளூர் விதைகளைத் தேடி வாங்கி, கிராமத்துக்கென்று ஒரு விதைச் சேமிப்பைத் தொடங்கலாம். ஒரு சுண்டு பயறு எடுத்துச் செல்பவர் அறுவடைக்குப் பின் இரண்டு சுண்டு திருப்பித் தர வேண்டும் என்பது விதி. எந்த விதையை எப்போது போடுவது, எப்படிக் காய வைப்பது என்பதை அம்மம்மாக்களிடம்தான் கேட்க வேண்டும். பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதி வைத்தால் போதும். இப்படி ஒரு சேமிப்பைத் தொடங்கப் பெரிய தொகை தேவைப்படாது.

பயறும் கௌபியும் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் காய்க்கும். முளைக்கீரையை ஒரு மாதத்துக்குள் பிடுங்கலாம். முருங்கைக்கோ ஒரு தடி நட்டாலே போதும். அதன் இலையில் இரும்புச்சத்தும் கல்சியமும் விற்றமின் ஏயும் உண்டு, ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் கோடையையும் தாங்கும். பணமே இல்லாமல் செய்யக்கூடிய இதற்கு ஏன் மானியம் என்று கேட்பீர்கள். தடி இலவசம்தான், ஆடு மாடு தின்னாமல் காக்கும் வேலிக்குத்தான் காசு!

காலம் மிக முக்கியம். வடக்கிலும் கிழக்கிலும் பெரும்போக மழை ஐப்பசியில் தொடங்கும். அதற்கு முன் விதையும் மண்வெட்டியும் கையில் இருக்க வேண்டுமானால் ஆனி, ஆடியிலேயே விண்ணப்பியுங்கள். மழை முடிந்த பிறகு விதை கொண்டுபோய்க் கொடுத்த தவறை எங்களைப் போன்ற நிறுவனங்களும் செய்திருக்கின்றன. அந்த விதையைச் சமைத்துச் சாப்பிட்டவர்கள் மீது குறை சொல்ல முடியாது.

எந்தத் திட்டமானாலும், மண்ணில் கை வைக்கும் முன் அந்தக் காணி மிதிவெடி அகற்றப்பட்டுக் கையளிக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் உறுதி செய்யுங்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகையும் நாடாவும் உள்ள பக்கம் விறகுக்குக்கூடப் போகக் கூடாது. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி வந்து அறிவியுங்கள். நீண்ட காலம் கைவிடப்பட்ட கிணற்றையும் அப்படியே பாவிக்காதீர்கள். கிணற்றுக்குள்ளும் வெடிபொருள் கிடக்கலாம். சோதிக்கப்பட்ட பிறகே இறைத்துச் சுத்தம் செய்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி குளோரின் இடுங்கள்.

விண்ணப்பத்தைத் தமிழில், கையெழுத்தில், இரண்டு பக்கத்தில் எழுதினால் போதும். அலங்காரச் சொற்கள் வேண்டாம். உங்கள் கிராமத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் நிறை குறைந்தவர்கள் எத்தனை பேர் என்பதைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டு எழுதுங்கள். பிள்ளைகளின் பெயர்கள் தேவையில்லை. இந்தத் திட்டத்தால் அவர்களுடைய சாப்பாட்டில் எது கூடும் என்பதைச் சொல்லுங்கள். மானியம் தருபவர்கள் முதலில் தேடுவது இந்த வரியைத்தான்.

கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. கூட்டத்தில் சத்தமாகப் பேசுபவரையே பொருளாளராக்குவது எங்கள் ஊர் வழக்கம். பேசாமல் இருந்து கொப்பியில் குறிப்பெடுக்கும் பிள்ளையைப் பாருங்கள், அது பெரும்பாலும் ஒரு பெண்பிள்ளையாக இருக்கும். வங்கியில் இருவரின் கையெழுத்து வேண்டும் என்று ஒழுங்கு செய்யுங்கள். ஒரு பக்கற் விதை வாங்கினாலும் பற்றுச்சீட்டு எடுங்கள். மாதம் ஒருமுறை வரவு செலவை எல்லோர் முன்னும் வாசியுங்கள். பெண்பிள்ளைகளைக் கூட்டத்துக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர், கூட்டத்தைப் பகலில், பாடசாலையிலோ முன்பள்ளியிலோ வைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

எமது விண்ணப்பப் படிவம் இலவசம். அதைத் தருவதற்கோ நிரப்புவதற்கோ யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள், எமது கள உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.