ரெண்டு டார்ச் வெளிச்சம் மோதிக்குமா?

இந்த எபிசோடை தொண்டாமுத்தூர்ல, ஒரு பாக்குத் தோப்புல உட்கார்ந்து பேசறேன். பின்னாடி மோட்டார் சத்தம் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்குங்க.

ராத்திரி தண்ணி கட்டப் போற ரெண்டு பேர் எதிரும் புதிருமா டார்ச் அடிச்சா என்ன ஆகும்? ஒரு வெளிச்சம் இன்னொண்ணைக் கண்டுக்காம கடந்து போயிடும். மின்காந்தப் புலத்தோட குணம் அது. ஆனா 1954ல யாங், மில்ஸ் ரெண்டு பேரும் எழுதின சமன்பாட்டுல வர்ற புலம் தன்னோடயே மோதும். குவார்க்குகளை ஒட்ட வைக்கிற குளுவான் புலம் இந்த ரகம்.

இது ஏன் முக்கியம்னா, அமெரிக்காவுல புரூக்ஹேவன்ல 2000ல இருந்து தங்க அணுக்கருக்களை மோதவிட்டுப் பாத்தாங்க. உடையற குவார்க்–குளுவான் கூட்டம் கிட்டத்தட்ட ஒரு திரவம் மாதிரி நடந்துக்குது. அதுக்கு எடுக்கிற நேரம்? ஒரு நொடியில கோடி கோடி கோடியில ஒரு பங்கு, அதுலயும் ஆயிரத்துல சில பங்குதான். இவ்வளவு சீக்கிரம் எப்படி எல்லாம் கலந்து சமநிலைக்கு வருது?

ஒரு துப்பு 1981லேயே வந்திருச்சு. சோவியத் ஆர்மீனியாவுல மட்டின்யன், சாவ்விடி குழு புலத்தை ரொம்ப எளிமையாக்கினாங்க: இடத்துக்கு இடம் மாறாது, நேரத்தோட மட்டும் மாறும். அப்போ கணக்கு, ஒரு பந்து உருள்ற கணக்கா சுருங்கிடுச்சு. நாலு வாய்க்கா கூடுற இடத்தை நினைச்சுக்குங்க. எந்த வாய்க்காலும் உள்ள போகப் போகக் குறுகும். பந்து உள்ள நுழைஞ்சு, ரெண்டு கரையிலயும் வேக வேகமா முட்டி, திரும்பி வரும். அடுத்து எந்த வாய்க்கா? மயிரிழை மாறி நுழைஞ்சிருந்தா வேற வாய்க்கா. அந்தச் சின்ன வித்தியாசம் ரெண்டு, நாலு, எட்டுன்னு பெருகும். அதுதாங்க கேயாஸ்.

முழுக்க கேயாஸ்தான்னு நினைச்சிட்டிருந்தாங்க. 1990ல டால்குவிஸ்ட், ருஸ்பெர்க் அதுக்குள்ள நிலையான ஒரு பாதையைக் கண்டுபிடிச்சாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். நம்ம திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்து எம். லட்சுமணனும் ஆர். சகாதேவனும் இதே குடும்பத்துச் சமன்பாடுகள் எப்போ ஒழுங்கா இருக்கும்னு ஆராய்ஞ்சவங்க. அப்படி அமையறது ரொம்ப அபூர்வம்.

1992ல முல்லரும் டிராயனோவும் எளிமையாக்காத முழுப் புலத்தையே கம்ப்யூட்டர்ல ஓடவிட்டாங்க. பக்கத்துப் பக்கத்துல ஆரம்பிச்ச ரெண்டு புலமும் பெருக்கல் வேகத்துல விலகுச்சு. சக்தி கூடக்கூட விலகற வேகமும் கூடுச்சு. சக்தி எல்லா அலைகளுக்கும் பரவ ஒரு வழி கிடைச்சிருச்சு.

ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு. குவாண்டம் இல்லாத கணக்குல, சக்தி சின்னச் சின்ன அலைகளுக்கு வழிஞ்சுக்கிட்டே இருக்கும், நிக்கவே நிக்காது. 1900ல பிளாங்க் தீர்த்துவெச்ச அதே தலைவலி. குளுவான்கள் நெருக்கியடிச்சு இருக்கிற ஆரம்பக் கணத்துக்கு மட்டும்தான் இந்தப் பழைய கணக்கு செல்லும். அதுக்கப்புறம் குவாண்டத்துக்குப் போயே ஆகணும். அடுத்த எபிசோடு அங்கிருந்துதாங்க.