மலையேறும் முன் சாவியைக் கவனியுங்கள்!



போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளப் பெண்களை அதிகாலையில் ஏற்றிச் செல்லும் ஜீப்புகளும், காய் மூட்டைகளை இறக்கிவரும் பழைய பிக்கப் வண்டிகளும் இவ்வழியேதான் சென்று வருகின்றன. டயரையும் பிரேக்கையும் சோதித்துப் பார்க்கும் நாம், சாவி போடும் இடத்தை மட்டும் ஏனோ பொருட்படுத்துவதில்லை.

அங்கே இரண்டு பாகங்கள் உள்ளன. முன்னால் இருப்பது பூட்டு. அதன் பின்னால் மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் இக்னிஷன் சுவிட்ச். இதனுள்ளே உள்ள உலோகத் தகடுகள் நாளடைவில் தீப்பொறி பட்டுக் கரிந்து தேய்கின்றன. போதாக்குறைக்கு, புதிதாக மாட்டிய விளக்குகளின் சுமையையும் ரிலே இல்லாமல் அதன் தலையிலேயே கட்டிவிடுகிறோம்!

இது அற்ப விஷயமன்று. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2014இல் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இந்தச் சுவிட்சுக்காகவே. சாவிக்கொத்தின் கனத்தாலோ குலுங்கலாலோ ஓட்டத்திலேயே சாவி நழுவி, என்ஜின் நின்றது, காற்றுப்பைகளும் விரியவில்லை. 124 உயிரிழப்புகளுக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. 2006இலேயே சுவிட்சைத் திருத்தியவர்கள், பாகத்தின் எண்ணை மாற்றாமல் விட்டதால் குறை பல்லாண்டுகள் மறைந்தே கிடந்தது.

சமவெளியிலேயே இப்படியென்றால், மலை இறக்கத்தில்? என்ஜின் நின்றதும் பிரேக்குக்குத் துணைநிற்கும் வாக்குவம் இரண்டொரு மிதியில் தீர்ந்து, பெடல் கல்லாய் இறுகிவிடும். கேபிளை இழுத்து நிறுத்தும் பழைய டீசல் வண்டி நிற்காமல் ஓடலாம். ஆனால் மூடுபனியில் வைப்பர் ஓய்ந்துவிடும். டீசலை மிச்சம் பிடிப்பதற்காகச் சாவியை அணைத்தே வண்டியை உருட்டுவோரை என்னவென்று சொல்வது! சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும் வண்டிகள் உண்டு. பயண துஆ ஓதித்தான் ஏறுகிறோம், நல்லதே. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கமல்லவா நம்முடையது?

சாவியை இலேசாக அசைத்தால் டேஷ்போர்டு விளக்குகள் மினுக்குகின்றனவா? ஸ்டார்ட் செய்தபின் சாவி தானே திரும்பாமல் நிற்கிறதா? அப்படி நின்றால் ஸ்டார்ட்டர் மோட்டார் சுழன்றுகொண்டேயிருந்து கருகிவிடும். முதலில் பாட்டரி முனைகள் தளர்ந்துள்ளனவா, பூத்துள்ளனவா என்று பாருங்கள். அவை சரியாயிருந்தால் சுவிட்சைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பல வண்டிகளில் பூட்டை விட்டுவிட்டுச் சுவிட்சை மட்டும் மாற்றலாம். சாவியும் பழையதே போதும். பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். எந்த ஒயர் எந்த முனையில் இருந்தது என்பதைக் குறித்துக்கொண்டு, அதே மாடலுக்குரிய சுவிட்சைப் பொருத்தச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டருக்கும் கூடுதல் விளக்குகளுக்கும் ரிலே வைத்துவிட்டால் புதியது நெடுநாள் உழைக்கும்.

சிலர் செலவுக்கு அஞ்சி, ஒயர்களை முறுக்கி ‘டைரக்ட்’ கொடுத்துவிட்டு ஓட்டுகிறார்கள். அதை ஒருபோதும் ஏற்காதீர்கள். மலைச்சாலைக் குலுக்கலில் அம்முறுக்கு அவிழும். உராய்ந்தால் தீயும் பிடிக்கும். பின்னால் அமர்ந்திருக்கும் பெண்களுக்கு இது தெரியவும் தெரியாது.

இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு. வண்டிச் சாவியோடு தொங்கும் வீட்டுச் சாவி, கடைச் சாவி, பீரோச் சாவி அனைத்தையும் கழற்றித் தனி வளையத்தில் போட்டுவிடுங்கள்.