மாத்திரையோடு ஒரு பிடி சோறு

அய்யம்பாளையத்துத் தென்னந்தோப்புகளின் நடுவே நின்று மேற்கே நோக்கினால், மருதாநதி அணைக்கு அப்பால் கீழ்ப்பழனி மலை எழுந்து நிற்பதைக் காணலாம். அதற்கும் மேலே, மேகத்தினூடே கொடைக்கானல். விடாத இருமலால் வாடுவோரைக் கண்டால், "மலைக்குப் போய் நல்ல காற்று வாங்கி வா" என்று நம் ஊர் முதியோர் சொல்வதுண்டு. அந்த அறிவுரைக்குப் பின்னால் ஒரு வரலாறே அடங்கியிருக்கிறது. எலும்புருக்கி என்றும் சயரோகம் என்றும் நம் முன்னோர் அஞ்சி நடுங்கிய காசநோய்க்கு மருந்தே இல்லாதிருந்த நாள்களில், தூய காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு ஆகிய மூன்றும்தாம் வைத்தியமாக இருந்தன.

இன்று மருந்து இருக்கிறது. அதுவும் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கிறது. அப்படியிருந்தும் இந்நோய் நம்மை விட்டு அகலவில்லை. உலகில் ஓராண்டில் காசநோய்க்கு ஆளாவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். ஏன் இந்த நிலை? நல்ல மருந்து கைவசம் இருக்கும்போது, இன்னும் குறைவது என்ன?

இந்தக் கேள்வியை என்னிடம் எழுப்பியவர் மருத்துவர் அல்லர். மலைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்து, இருமலோடு கீழே இறங்கி வந்த ஓர் ஏழைத் தொழிலாளி. மருந்தைச் சில வாரங்களில் நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டு, அவருடைய வீட்டிற்குச் சென்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன். அவர் தலைகுனிந்தபடி சொன்னார்: "மாத்திரை போட்டா வயிறு பசிக்குது சாமி. பசிச்சா, திங்கிறதுக்கு என்ன இருக்கு?"

எனக்கு மறுமொழி தோன்றவில்லை. அவர் மனைவியோ தம் பங்குச் சோற்றையும் கணவரின் தட்டில் இட்டுவிட்டு, "நான் அப்புறமாச் சாப்பிட்டுக்கிடுறேன் சாமி" என்றார். அந்த "அப்புறம்" எந்நாளும் வந்ததாகத் தெரியவில்லை. கணவர் மீண்டும் மருந்தைத் தொடங்கி நலம் பெற்றார். ஆனால் ஓராண்டு கழித்து இருமத் தொடங்கியவர் அந்த அம்மாள்.

சென்னை தந்த விடை

பசிக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை அறிய, முதலில் நாம் சென்னைக்குச் செல்ல வேண்டும். 1882 மார்ச் 24 அன்று ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் காக், இந்நோய்க்குக் காரணம் ஒரு நுண்கிருமியே என்று அறிவித்தார். அதன் பின்னரும் பல பத்தாண்டுகள் மருந்து கிட்டவில்லை. வசதி படைத்தோர் சானடோரியங்களை நாடினர். 1928-ல் டாக்டர் சவுரி முத்து தாம்பரத்தில் நிறுவிய சானடோரியத்தின் பெயரை அங்குள்ள இரயில் நிலையம் இன்றும் தாங்கி நிற்கிறது. ஆனால் நாட்டிலிருந்த நோயாளிகளின் எண்ணிக்கை பல இலட்சம். சானடோரியப் படுக்கைகளோ மிகச் சில. நாற்பதுகளில் ஸ்ட்ரெப்டோமைசினும், 1952-ல் ஐசோநியாசிடும் வந்தபோது ஒரு புதிய கேள்வி எழுந்தது. இம்மருந்துகளை வீட்டிலிருந்தபடியே உட்கொண்டால் போதாதா?

இதற்கு விடை காண 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் இப்பணியில் கைகோத்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். சென்னை நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதுபோல் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓய்வும் ஊட்டமான உணவும் பெற்றனர். மற்றவர் தம் நெருக்கடியான வீடுகளிலேயே, தமக்குக் கிடைத்ததை உண்டு வாழ்ந்தனர். இரு சாராருக்கும் மருந்து ஒன்றே.

ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தோரில் 92 விழுக்காட்டினருக்கும், வீட்டில் இருந்தோரில் 86 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. 1959-ல் வெளியான இந்த முடிவு மருத்துவ உலகையே வியக்க வைத்தது. அதனினும் பெரிய வியப்பு ஒன்று உண்டு. நோயாளியை வீட்டில் வைத்துப் பராமரித்த குடும்பத்தாரிடையே, நோயாளியைச் சானடோரியத்துக்கு அனுப்பிய குடும்பங்களைவிட நோய் மிகுதியாகப் பரவவில்லை. பரவ வேண்டிய கிருமி, நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே பெரும்பாலும் பரவிவிடுகிறது. மருந்து உள்ளே சென்றதும் பரவும் ஆற்றல் விரைவில் தணிகிறது. ஆகவே நோயாளியை வீட்டை விட்டு விலக்கவேண்டிய தேவை இல்லை என்பது உறுதியாயிற்று. உலகெங்கும் சானடோரியங்கள் படிப்படியாக மூடப்பட்டதற்கு நம் சென்னை ஆய்வு ஒரு முக்கிய காரணமாகும். கணவனையும் மனைவியையும், தாயையும் சேயையும் பிரித்து வந்த ஒரு கொடிய வழக்கத்திற்கு இது முடிவு கட்டியது.

ஆனால், "மருந்து இருந்தால் போதும், உணவு இரண்டாம்பட்சமே" என்ற எண்ணமும் இதனோடு சேர்ந்து வேரூன்றியது. ஆய்வு காட்டியது உண்மைதான்: எளிய உணவோடும் மருந்து தன் வேலையைச் செய்தது. எனினும் அந்த ஆய்வு விடை தேடியது ஒரு கேள்விக்கே. மருந்தை ஒழுங்காக உட்கொள்பவரின் உடலில் கிருமி அழிகிறதா என்பதே அக்கேள்வி. நோயாளியின் பக்கத்தில் அமர்ந்து, தன் சோற்றை அவருக்கு இட்டுவிட்டுப் பட்டினி கிடக்கும் மனைவிக்கு என்ன ஆகும் என்பது வேறொரு கேள்வி. அதற்கு விடை வர இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

ஜார்க்கண்டில் நடந்த சோதனை

காசநோய்க் கிருமி மூச்சுக்காற்றின் வழியே உடலுக்குள் புகுகிறது. புகுந்த எல்லாரையும் அது வீழ்த்துவதில்லை. உடலின் காவற்படை அதனைச் சுற்றி வளைத்துச் சிறை வைத்துவிடுகிறது. கிருமி குடிகொண்ட பத்துப் பேரில் ஒன்பது பேர் வாழ்நாள் முழுவதும் நோயின்றியே இருந்துவிடுகின்றனர். காவற்படை தளரும்போதுதான் கைதி தப்புகிறான். அதைத் தளரச் செய்வனவற்றுள் நீரிழிவு, புகை, மது, எய்ட்ஸ் கிருமி ஆகியன உண்டு. ஆயினும் நம் நாட்டில் அவற்றுள் தலையாயது பசியே.

மங்களூரு யெனெபோயா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா ஆகியோர் இதனை நேரடிச் சோதனையால் மெய்ப்பிக்க முன்வந்தனர். சென்னையின் பழைய மையமும் அவர்களோடு இணைந்தது. அது இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரோடு விளங்குகிறது. பழங்குடி மக்கள் மிகுதியாக வாழும் ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 2019 ஆகஸ்டில் பணி தொடங்கியது. 2,800 நோயாளிகளும், அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்த 10,345 உறவினரும் இதில் இடம்பெற்றனர்.

நோயாளிகள் அனைவருக்கும் மருந்தோடு மாதந்தோறும் பத்துக் கிலோ உணவுப்பொருள் வழங்கப்பட்டது. அரிசி, பருப்பு, பால்மாவு, எண்ணெய் ஆகியன அதில் அடங்கும். குடும்பத்தாரை மட்டும் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவில் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும், சத்து மாத்திரைகளும் தரப்பட்டன. மற்றப் பிரிவினர் தம் வழக்கமான உணவையே உண்டு வந்தனர். கணக்கிட்டுப் பாருங்கள்: ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 165 கிராம் அரிசி, 50 கிராம் பருப்பு. இது விருந்தன்று, ஒருவேளைச் சோறும் ஒரு கிண்ணம் பருப்புக் குழம்புமே!

முடிவுகள் 2023 ஆகஸ்டில் லான்செட் மருத்துவ இதழ்களில் வெளிவந்தன. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் கண்டவர் தொகை 39 விழுக்காடு குறைந்திருந்தது. மற்றவர்க்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோய் மட்டும் 48 விழுக்காடு குறைந்திருந்தது. அதாவது, நோயுற வேண்டிய இருவரில் ஏறக்குறைய ஒருவரை அரிசியும் பருப்பும் தடுத்து நிறுத்தின. சுமார் முப்பது குடும்பங்களுக்கு உணவளித்தால் ஒருவர் காசநோய்க்கு ஆளாகாமல் காக்கப்படுகிறார் என்பது ஆய்வாளர் கணக்கு.

நோயாளிகளைப் பற்றிய செய்தியும் நம் உள்ளத்தை உலுக்குவதே. அவர்களில் ஐவரில் நால்வர் ஊட்டமின்றி மெலிந்தவர்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் மிகக் கொடிய மெலிவில் இருந்தவர்கள். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 47 கிலோவுக்குக் குறைந்தால் மெலிந்தவர், 41 கிலோவுக்கும் குறைந்தால் மிக மெலிந்தவர் என்று கொள்ளலாம். மருந்து தொடங்கிய இரண்டு மாதத்திற்குள் எடை நூற்றுக்கு ஐந்து பங்கு கூடியவர்களிடையே சாவின் அபாயம் 61 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. 40 கிலோ உள்ளவருக்கு இது 2 கிலோ மட்டுமே. எடை கூடியதால் பிழைத்தனரா, பிழைக்கும் நிலையில் இருந்ததால் எடை கூடியதா என்று முற்றிலும் பிரித்துரைத்தல் எளிதன்று. ஆயினும் எடை கூடாத நோயாளி ஆபத்தில் இருக்கிறார் என்பதில் ஐயமில்லை.

ஆகவே சென்னையும் ஜார்க்கண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. கிருமியைக் கொல்வது மருந்து. அதற்கு மாற்று எதுவும் இல்லை. கிருமிக்கு இடங்கொடாத உடலை ஆக்குவது உணவு; அதற்கும் மாற்று இல்லை.

நம் மாநிலத்தில்

காசநோயால் இறப்போரில் பெரும்பாலோர் மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே இறக்கின்றனர். மிக மெலிந்து தளர்ந்தவரை இன்னாரென்று முதல் நாளிலேயே இனங்கண்டால், அவர்களைக் காப்பாற்ற வழியுண்டு. 2022-ல் தமிழக அரசு தொடங்கிய "காசநோய் இறப்பில்லாத் திட்டம்" இதையே செய்கிறது. சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இதற்கு வழிகாட்டுகிறது. பெரிய கருவி எதுவும் வேண்டாம். உயரத்துக்கேற்ற எடை, காலில் வீக்கம், மூச்சு வேகம், இரத்தத்தில் உயிர்வளியின் அளவு, துணையின்றி நிற்க இயலுகிறதா என்னும் ஐந்தையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம். நிலை மோசமானவர் உடனே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, சிறப்பு உணவும் சிகிச்சையும் பெறுகின்றனர்.

மைய அரசு 2018 ஏப்ரல் முதல் நோயாளிகளுக்கு ஊட்டச்சத்துக்கென மாதம் 500 ரூபாய் வழங்கியது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயாக உயர்ந்தது. தனி மனிதரும் சங்கங்களும் நோயாளிகளைத் தத்தெடுத்து உணவுப்பொருள் வழங்க, 2022-ல் தொடங்கிய ஓர் ஏற்பாடும் உண்டு. நோயாளியின் குடும்பத்தாரும் பின்னர் அதில் சேர்க்கப்பட்டனர்.

குடும்பங்கள் செய்யத்தக்கவை

நம் இல்லங்களில் இந்த அறிவை எவ்வாறு கைக்கொள்வது? இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல் இவற்றுள் எது கண்டாலும் சளியைச் சோதிக்கச் செய்யுங்கள். மருந்தை ஒருநாளும் நிறுத்தாதீர்கள். மாதந்தோறும் நோயாளியின் எடையைக் குறித்து வையுங்கள். கூடவில்லையெனில் மருத்துவரிடம் கூறுங்கள். வீட்டிலுள்ள மற்றவரும் சோதனை செய்துகொண்டு, தடுப்பு மருந்து தமக்கு வேண்டுமா என்று கேட்டறியட்டும். நோயாளியின் தட்டையும் தம்ளரையும் ஒதுக்கிவைக்க வேண்டா. இந்நோய் பாத்திரத்தால் பரவுவதன்று, மூச்சால் பரவுவது. சன்னலைத் திறந்து வைப்பதே மேல்.

நம் மாநிலத்தில் நியாயவிலைக் கடையில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. ஏழை வீட்டுத் தட்டில் குறைவது பெரும்பாலும் பருப்பும் முட்டையும் பாலுமே. நிலக்கடலை, கொண்டைக்கடலை, பாசிப்பயறு, முருங்கைக்கீரை ஆகியன விலை குறைந்தவை, ஊட்டம் மிகுந்தவை. சத்து மருந்து என்று விளம்பரமாகும் புட்டிகளைக் கடன்பட்டு வாங்கத் தேவையில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, தாய்மாருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். நோயுற்ற கணவனுக்கும் பிள்ளைக்கும் முதலில் இட்டு, மிஞ்சியதை உண்பதைப் பெருந்தன்மை என்று நாம் போற்றி வந்துள்ளோம். அன்பின் அழகு அதில் உண்டு. ஆனால் காசநோய் நுழைந்த வீட்டில் அந்தப் பட்டினி, நோய்க்குத் திறந்துவிட்ட கதவாகிவிடும். அந்த வீட்டில் எல்லாரும் உண்ண வேண்டும். பரிமாறுபவரும் உண்ண வேண்டும்.

நம் பங்குகளில் பிடியரிசி என்றொரு நல்வழக்கம் இருந்தது. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் இட்டு, வார முடிவில் ஏழைகளுக்கென அளிப்பர். பல ஊர்களில் அது மறைந்துவிட்டது. அதை மீண்டும் தொடங்குவோம். அரிசியோடு ஒரு பிடி பருப்பும் சேரட்டும். ஊரில் காசநோய் கண்ட குடும்பம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளர் வழியாக, பெயரைப் பறைசாற்றாமல், அந்த வீட்டு வாசலில் ஆறு மாதம் அந்தக் கலயத்தை இறக்கி வைத்தால் போதும்.

நான் சொன்ன அந்த அம்மாள் ஆறு மாதம் மருந்துண்டு நலமடைந்தார். அண்மையில் அவருடைய வீட்டிற்குச் சென்றபோது, "சாமி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். "நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று திருப்பிக் கேட்டேன். சிரித்துக்கொண்டே தம் தட்டைக் காட்டினார். அதில் சோறு இருந்தது; பருப்பும் இருந்தது.