நிழலில் மண் காக்கும் கோரை

மரங்கள் அடர்ந்த இடத்தில் புல் செழித்து வளர்வதில்லை; புல்லுக்கு வெயில் வேண்டும். ஆகவே மரத்தடியில் தரை பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கிறது. மலேசியத் தீபகற்பத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. இலைகளிலிருந்து சொட்டும் பெரிய துளிகள் வெறுந்தரையைத் தாக்கி, வளமான மேல்மண்ணைக் கரைத்துக்கொண்டு போகின்றன.

இவ்வுண்மையை ரப்பர்த் தோட்டங்கள் பட்டறிந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால்மரங்களுக்கிடையே ஒரு புல்லும் இராதபடி களையெடுப்பதே வழக்கமாக இருந்தது. நம் முன்னோர் பலர் அவ்வேலையைச் செய்தவர்களே. விளைவாக, சரிவுகளில் மேல்மண் அரித்துப் போயிற்று. பின்னரே மூடுபயிர் வளர்த்து மண்ணைக் காக்கும் முறை பரவியது.

வீட்டுத் தோட்டத்தின் நிழலில் இப்பணியைச் செய்ய வல்லது கோரை. அதனை அறிவது எளிது. தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். புல்லின் தண்டு உருண்டையாகவும் கணுக்களோடும் இருக்கும். கோரைத் தண்டு பெரும்பாலும் முப்பட்டையாகவும் கணுவின்றியும் இருக்கும்.

இம்மண்ணுக்கே உரிய கோரைகள் பல உள்ளன. கில்லிங்கா என்னும் சிறு கோரையின் நுனியில் வெண்ணிறப் பந்து போன்ற பூங்கொத்து காணப்படும். இது தரையோடு படர்ந்து, மென்னிழலில் நன்கு வளரும். மாப்பானியா என்பது மழைக்காட்டின் அடர்நிழலில் வாழ்வது; தாழை மடலைப் போன்ற நீண்ட இலைகளை உடையது.

மழைக்காலத் தொடக்கத்தில் கில்லிங்காவை வேரோடும் சிறிது மண்ணோடும் பெயர்த்து, சிறு பகுதிகளாகப் பிரித்து, ஓரடி இடைவெளியில் நடுக. உதிர்ந்த இலைகளை இடையில் பரப்புக. வேர் பிடிக்கும் வரை நீர் ஊற்றுக. எல்லை கடந்து பரவினால் ஓரங்களை வெட்டிவிடலாம். காட்டுச் செடிகளை அனுமதியின்றிப் பெயர்த்தல் ஆகாது.

ஓர் எச்சரிக்கை: கோரைக்கிழங்கு எனப்படும் களையை நட்டுவிடாதீர்கள். மண்ணில் தங்கும் ஒரு சிறு கிழங்கும் மீண்டும் முளைக்கும். காய்கறிப் பாத்தியில் புகுந்தால் ஒழிப்பது அரிது.

மாணவர்களே! ஒரு விரற்கடை மேல்மண் உருவாக நூறாண்டுகளுக்கும் மேல் ஆகலாம். அது கரைந்து போக ஒரு பெருமழை போதும். மரத்தடியைப் பெருக்கி வெறுமையாக்குவதே தூய்மை என்று எண்ணாமல், பசுமையால் மூடி மண்ணைக் காப்போமாக.