புழுவெட்டும் புற ஊதாக் கதிரும்

சிலருடைய தலையில் திடீரென்று ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு முடி கொட்டி, அந்த இடம் மட்டும் வழவழவென்று தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். புருவத்திலும் தாடியிலும்கூட இப்படி ஏற்படுவதுண்டு. இதனை நம் ஊர்களில் 'புழுவெட்டு' என்கிறார்கள். பெயரில்தான் புழு உண்டு; நோயில் புழு கிடையாது. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமில்லை. (செதில் உதிர்ந்து அரிக்கும் படர்தாமரை வேறு. அது பூஞ்சையால் வருவது, தொற்றக்கூடியது. இரண்டில் எது என்பதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.)

அப்படியானால் முடியைக் கொட்டவைப்பது எது?

காவற்படையின் தவறு

நம் உடலைக் காக்கும் வெள்ளணுக்களில் டி-அணுக்கள் என்று ஒரு வகை உண்டு. கிருமி புகுந்த உயிரணுக்களைத் தேடி அழிப்பது அவற்றின் வேலை. புழுவெட்டில் இந்த அணுக்கள் வளரும் முடியின் வேரைப் பகையென்று தவறாகக் கருதி, அதைச் சூழ்ந்து தாக்குகின்றன. வேர் வலுவிழந்து முடி உதிர்ந்துவிடுகிறது.

ஆனால் மயிர்க்கால் அழிந்துவிடுவதில்லை. வேருக்குச் சற்று மேலே இருக்கும் மூல உயிரணுக்கள் தப்பிவிடுகின்றன. முற்றுகை நீங்கினால் முடி மீண்டும் முளைக்கும். முதலில் வெள்ளையாக வந்து பிறகு கருக்கும் முடியும் உண்டு.

ஒளி என்ன செய்கிறது?

ஒளியால் நோய் தீர்க்கும் முயற்சி புதிதன்று. தோலில் வரும் காசநோயை ஒளிக்கதிர்களால் குணப்படுத்திய டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சன் 1903-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். நம் நாட்டிலோ, வெண்புள்ளிகளுக்குக் கார்போகரிசி என்னும் விதையைப் பயன்படுத்தி வெயிலில் காட்டும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. அவ்விதையில் உள்ள பொருளே சோரலென்.

சோரலெனைத் தோலில் தடவியோ உட்கொள்ளச் செய்தோ, 320 முதல் 400 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரைப் பாய்ச்சுவது ஒரு சிகிச்சை முறை. (ஒரு மீட்டரில் 100 கோடியில் ஒரு பங்கே நானோமீட்டர்.) கதிர் பட்டதும் சோரலென், உயிரணுவின் டி.என்.ஏ. இழைகளைப் பிணைத்துவிடுகிறது. தோலில் கூடியிருக்கும் டி-அணுக்கள் மடிகின்றன. ஆக, ஒளி முடிக்கு உரம் போடவில்லை. முற்றுகையிட்ட படையைக் கலைக்கிறது!

இதில் குறைகளும் உண்டு. நெடுநாள் தொடர்ந்தால் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. மேலும், முளைத்த முடியே குடைபோல் நின்று தன் வேருக்குக் கதிர் எட்டாமல் தடுக்கிறது!

பின்னர் வந்தது எக்ஸைமர் லேசர். செனான், குளோரின் வாயுக்களின் துணையால் 308 நானோமீட்டர் கதிரை இது தருகிறது. சோரலென் தேவையில்லை. முடி கொட்டிய திட்டின்மீது மட்டும் கதிரைப் பாய்ச்சலாம். சுற்றியுள்ள நல்ல தோல் தப்பிக்கிறது.

பயன் உண்டா?

இங்கேதான் ஒரு சிக்கல். ஓரிரு திட்டுகள் மட்டும் உள்ள பலருக்குச் சிகிச்சை எதுவுமின்றியே ஓராண்டுக்குள் முடி வளர்ந்துவிடுகிறது. அப்படியிருக்க, ஒளியால் வளர்ந்ததா, தானாக வளர்ந்ததா என்று எப்படி அறிவது?

ஆராய்ச்சியாளர்கள் ஓர் எளிய வழியைக் கையாண்டனர். ஒரே நோயாளியின் தலையில் சில திட்டுகளுக்கு மட்டும் லேசர் கொடுத்தனர். ஒன்றைத் தொடாமல் விட்டனர். உடலும் உணவும் காலமும் ஒன்றே. ஒளி மட்டுமே வேறுபாடு. லேசர் பட்ட திட்டுகள் பலவற்றில் முடி வளர்ந்தது. தொடாத திட்டு வெறுமையாகவே இருந்தது. ஆனால் தலைமுடி முழுவதும் கொட்டியவர்களுக்கு இம்முறை அவ்வளவாகப் பயன்படவில்லை. வளர்ந்த முடி மீண்டும் கொட்டுவதும் உண்டு. இத்தகைய கடும் நோய்க்கு, டி-அணுக்களைத் தூண்டும் செய்திகளைத் தடுக்கும் பாரிசிட்டினிப் என்னும் மாத்திரைக்கு 2022-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது.

"இந்த எண்ணெயைத் தடவினேன், முடி வளர்ந்தது" என்று யாராவது சொன்னால், "தடவாத திட்டு என்ன ஆயிற்று?" என்று கேளுங்கள். கதிரின் அளவு மீறினால் தோல் வெந்துவிடும். எனவே உச்சி வெயிலில் நின்று நீங்களே சிகிச்சை செய்துகொள்ளாதீர்கள். உங்கள் வகுப்பில் யாருக்கேனும் புழுவெட்டு இருந்தால், தயங்காமல் அவர் அருகில் உட்காருங்கள். அவர் தலையில் புழு இல்லை என்பது இப்போது உங்களுக்குத் தெரியுமே!