‘புதிய இனம் கண்டுபிடிப்பு’ – யாருக்குப் புதுசு? ஊதாத் தவளை சொல்லும் கதை

(எபிசோடின் ஒலிவடிவம், வாசிப்புக்காகத் திருத்தப்பட்டது)

பஸ்ஸிலோ மெட்ரோவிலோ ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு போய்க்கிட்டு இருக்கீங்களா? சரி, இன்றைக்கு ஒரு செய்தித் தலைப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். “மேற்குத் தொடர்ச்சி மலையில் புதிய தவளை இனம் கண்டுபிடிப்பு.” இந்த மாதிரி செய்தி அடிக்கடி வரும். போட்டோவைப் பார்ப்போம், ஒரு லைக் போடுவோம், அடுத்ததுக்குப் போயிடுவோம்.

ஆனா அந்த ‘புதிய’ என்கிற வார்த்தையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அந்தத் தவளை நேற்று பிறக்கவில்லை. மனுஷங்க அந்த மலைக்கு வர்றதுக்கு முன்னாடியே அங்கே இருக்கிறது. அப்போ அது யாருக்குப் புதுசு? எந்த நிமிஷத்துல அது ‘கண்டுபிடிக்கப்பட்டது’ ஆகிறது? இதுக்குப் பதில் சொல்ல ஒரு வினோதமான தவளையைக் கூட்டிட்டு வந்திருக்கேன்.

பாதாளத்தில் ஒரு தவளை

ஊதா நிறம். ஊதிப்போன பலூன் மாதிரி உடம்பு. அதில் பன்றிக்கு இருப்பது போல ஒரு கூர் மூக்கு. கிட்டத்தட்ட வருஷம் முழுக்க மண்ணுக்கு அடியில்தான் வாழ்க்கை, சாப்பாடு கரையான். மழை ஆரம்பிக்கும்போது சில நாட்கள் மட்டும் இனப்பெருக்கத்துக்காக மேலே வரும். பிறகு மறுபடி மண்ணுக்குள்ளே போய்விடும்.

கேரளாவின் இடுக்கிப் பக்கம் மக்களுக்கு இது தெரியாத பிராணி இல்லை. மலையாளத்தில் ‘பாதாளத் தவளை’ என்று பெயரே இருக்கிறது. அதன் தலைப்பிரட்டைகள் வேகமாக ஓடும் ஓடைகளில் பாறையைக் கவ்விப் பிடித்துக்கொண்டு வளரும். அதைப் பிடித்துச் சமைத்துச் சாப்பிடுகிறவர்களும் உண்டு.

அறிவியலுக்கும் பாதி தெரியும். இதன் தலைப்பிரட்டை பற்றிய குறிப்பு 1918லேயே வந்துவிட்டது. ஆனால் அது வளர்ந்தால் என்ன தவளையாகும் என்று தெரியவில்லை. பெரிய தவளை மண்ணுக்குள் இருக்கிறது, ஆராய்ச்சியாளர் மண்ணுக்கு மேலே இருக்கிறார். ரெண்டு பேரும் சந்திக்கவே இல்லை.

2003 அக்டோபரில்தான் எஸ்.டி. பிஜுவும் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃபிராங்கி போசுய்ட்டும் ‘நேச்சர்’ இதழில் இதற்கு முறையாகப் பெயர் வைத்தார்கள்: நாசிகாபட்ராகஸ் சஹ்யாத்ரென்சிஸ். ‘நாசிகா’ சமஸ்கிருதத்தில் மூக்கு, ‘பட்ராகஸ்’ கிரேக்கத்தில் தவளை, மிச்சம் நம்ம சஹ்யாத்ரி மலை. 1918க்கும் 2003க்கும் நடுவே 85 வருஷம்.

பெயர் வைப்பது எப்படி?

‘தவளை கிடைச்சுது, பெயர் வெச்சாச்சு’ என்று முடிகிற வேலை இல்லை இது.

முதல் வேலை, இது ஏற்கெனவே பெயர் உள்ள ஒன்றா என்று பார்ப்பது. விலங்குகளின் பெயர்க் கணக்கு 1758ல் வெளிவந்த லின்னேயஸின் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்கிறது. அதற்குப் பிறகு யார், எந்த மொழியில், எந்தப் பழைய இதழில் முறைப்படி பெயர் வைத்திருந்தாலும் முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை. அதனால் பழைய கட்டுரைகளைத் தேடிப் படிக்கணும், அருங்காட்சியக ஜாடிகளைத் திறந்து பார்க்கணும், கால் நீளம், விரல் இடைச்சவ்வு என்று ஒவ்வொன்றாக அளந்து ஒப்பிடணும். இப்போது டிஎன்ஏ ஒப்பீடும், தவளை என்றால் ஆண் தவளை கூப்பிடும் சத்தத்தின் ஒலிப்பதிவும் சேர்ந்துகொள்கிறது.

அடுத்தது ஹோலோடைப். அந்த இனத்துக்குச் சாட்சியாக ஒரே ஒரு உடலைத் தேர்ந்தெடுத்து, எண் போட்டு, அருங்காட்சியகத்தில் வைப்பார்கள். இந்தியாவில் இப்படிப்பட்ட மாதிரியை அரசு அங்கீகரித்த காப்பகத்தில் ஒப்படைக்கணும் என்று 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டமே சொல்கிறது. பெயர் அந்த ஒரு உடலோடு கட்டப்பட்டிருக்கும். நாளைக்கு யாராவது “ஒரே பெயரில் இரண்டு இனத்தைக் கலந்துட்டீங்க” என்று நிரூபித்தால், ஹோலோடைப் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்துக்குத்தான் பழைய பெயர். இன்னொன்றுக்குப் புதுப் பெயர் தேடணும்.

“அப்போ ஒரு உயிரைக் கொன்னுதான் பெயர் வைக்கணுமா?” நியாயமான கேள்வி. பெரும்பாலும் ஆமாம். ஒன்றோ சில உயிர்களோ எடுக்கப்படுகின்றன. மிக அரிதாகப் புகைப்படத்தை மட்டும் வைத்துப் பெயர் சூட்டியதும் உண்டு. அதற்குத் துறைக்குள்ளேயே பெரிய சண்டை நடந்தது. போட்டோவை வைத்து எலும்பைப் பார்க்க முடியாது, ஐம்பது வருஷம் கழித்து டிஎன்ஏ எடுக்கவும் முடியாது என்பது எதிர்த்தவர்களின் வாதம்.

கடைசியாக, இதையெல்லாம் எழுதி வெளியிடணும். இது எந்த விதத்தில் மற்றதிலிருந்து வேறு, ஹோலோடைப் எது, எங்கே இருக்கிறது, எல்லாம் அதில் வரும். அது பிரசுரமாகிற நாள்தான் அந்த இனத்தின் அதிகாரப்பூர்வப் பிறந்தநாள். சொந்தப் பெயரையே வைக்கலாமா என்றால், விதி தடுக்கவில்லை. ஆனா துறையில் அது அநாகரிகம்!

எந்த அலமாரியில் வைப்பது?

பெயர் வைத்தாச்சு. இப்போது வகைப்பாடு, அதாவது யாருக்கு யார் சொந்தம் என்கிற கணக்கு. ஊதாத் தவளை இருந்த எந்தக் குடும்பத்திலும் அடங்கவில்லை. அதனால் 2003லேயே அதற்கென்று ஒரு தனிக் குடும்பம் உருவாக்கினார்கள்.

சரி, நெருங்கிய சொந்தக்காரங்க எங்கே? இந்தியப் பெருங்கடலில் 2,500 கிலோமீட்டருக்கும் மேலே தள்ளி, செஷல்ஸ் தீவுகளில்! அங்கே இருக்கும் சில குட்டித் தவளைகள்தான். தவளையால் கடலை நீந்திக் கடக்க முடியாது. ஆனால் ஒரு காலத்தில் இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலம். நிலம் பிரிந்து நகர்ந்தது, தவளைகள் இரண்டு பக்கமும் தங்கிவிட்டன. கண்டங்கள் நகர்ந்த கதைக்கு இடுக்கி மண்ணுக்குள் ஒரு சாட்சி.

மலையின் இந்தப் பக்கம்

இதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதே மலையின் கிழக்குச் சரிவு, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம். அங்கேயும் ஊதாத் தவளை. பார்த்தால் ‘அதே ஆளுதானே’ என்று தோணும். ஆனால் கூப்பிடும் சத்தம் வேறு. டிஎன்ஏ வேறு. முக்கியமாக, மழைக்காலமே வேறு. கேரளப் பக்கத்துத் தவளைக்குத் தென்மேற்குப் பருவமழை என்றால், இதற்கு வடகிழக்குப் பருவமழை.

2017ல் இதைத் தனி இனமாக அறிவித்தார்கள்: நாசிகாபட்ராகஸ் பூபதி. கோயம்புத்தூர் சாலிம் அலி பறவையியல் மையத்தில் வேலை செய்த ஊர்வன ஆய்வாளர் எஸ். பூபதியின் நினைவாக வைத்த பெயர். 2014ல் அகத்தியமலையில் களப்பணியின்போது ஏற்பட்ட விபத்தில் அவர் இறந்துபோனார். ஊர்ப் பெயரிலோ தெருப் பெயரிலோ இல்லாமல், மண்ணுக்குள் வாழும் ஒரு தவளையின் பெயரில் அவர் இருக்கிறார்.

பெயர் இல்லைன்னா என்ன ஆயிடும்?

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். அழிவின் விளிம்பில் இருப்பவற்றைச் சொல்லும் சிவப்புப் பட்டியலைப் பாருங்க, வன உயிர்ச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்க. ரெண்டுமே பெயர்களின் பட்டியல்தான். ஒரு ஓடையில் தடுப்பணை கட்டலாமா என்று ஆய்வு நடந்தால், ‘இங்கே என்னென்ன இனம் இருக்கு’ என்கிற தாளில் பெயர் உள்ளதைத்தான் எழுத முடியும்.

கிழக்குச் சரிவுத் தவளையைத் தனியாகப் பிரிக்காமல் விட்டிருந்தால் கணக்கு எப்படி இருக்கும்? “இங்கே இல்லைன்னா என்ன, கேரளாவில் இருக்கே” என்று சொல்லிவிடலாம். இப்போது அப்படிச் சொல்ல முடியாது. இந்தப் பக்கத்து ஓடை போனால், வடகிழக்கு மழைக்குக் காத்திருக்கும் இந்தத் தவளைக்கு அந்தப் பக்கம் பதிலாள் கிடையாது.

2012ல் வெளிவந்த ஒரு ஆய்வு, ஒரு மாதிரி முதலில் சேகரிக்கப்பட்டு, புதிய இனமாக விவரிக்கப்படுவதற்கு சராசரியாக 21 வருஷம் ஆகிறது என்று கணக்கிட்டது. அதாவது, இன்னும் பெயர் வராத உயிர்கள் காட்டில் மட்டும் இல்லை, ஏதோ ஒரு அருங்காட்சியக அலமாரியிலும் காத்திருக்கின்றன. ஜாடி இருக்கிறது, உள்ளே இருப்பதை ஒப்பிட்டுச் சொல்ல ஆள் போதவில்லை. 21 வருஷத்தில் ஜாடிக்கு ஒன்றும் ஆகாது. அது வந்த காட்டுக்கு என்ன வேணா ஆகலாம்.

அதனால் அடுத்த முறை ‘புதிய இனம் கண்டுபிடிப்பு’ என்று செய்தி வந்தால், ஸ்க்ரோல் பண்ணுவதற்கு முன்னாடி மூன்று விஷயம் தேடிப் பாருங்க. முதல் மாதிரி எந்த வருஷம் கிடைத்தது? அந்த ஊர்க்காரங்க அதை ஏற்கெனவே என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுறாங்க? அது கிடைத்த இடம் இன்னும் அப்படியே இருக்கிறதா?

உங்க ஊர்ப் பக்கம் பாட்டி தாத்தாவுக்கு மட்டும் பெயர் தெரிந்த பூச்சி, தவளை, மீன் ஏதாவது இருந்தால் எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.